பழி ஸ்விட்ச் மேல்: தேவனாம்பட்டினம் சாலையில் ஒரு வீட்டு நெட்வொர்க் கோளாறு

மாசி மகத்தன்று காலை கடலூர் சில்வர் பீச்சில் கால் வைக்க இடமில்லை. சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து சுவாமிகள் ஒவ்வொன்றாக வந்து தீர்த்தவாரி நடந்துகொண்டிருந்தது. கூட்ட நெரிசலுக்கு நடுவே பெரியம்மா செல்போனை எடுத்து, வீட்டு வாசல் கேமராவைத் திறந்து பார்த்தார். "கேட்டு சாத்திதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்ததோடு சரி.

வீட்டுக்கு வந்து இட்லிக்கு உட்கார்ந்ததும் பெரியப்பா ஆரம்பித்தார். "பொங்கல்லேருந்து இந்த நெட்டு படுத்துற பாடு தாங்கலப்பா. ஸ்விட்சையே புதுசா மாத்தியாச்சு. அப்பவும் அதே கதைதான். நீ நெட்வொர்க் வேலைதானே பாக்குற, என்னன்னு பாரு." அன்று விடியற்காலை கரண்ட் போய் வந்திருந்தது. அதிலிருந்து மாடியில் அக்காவின் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் டிவியிலும் நெட் இல்லை. அக்கா செல்போன் ஹாட்ஸ்பாட்டை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்.

முதலில் வீட்டுக் கேபிள்கள் எப்படி ஓடுகின்றன என்று சொல்லிவிடுகிறேன். கீழே ஹாலில் ஃபைபர் வந்து சேரும் பெட்டி. மோடம், ரவுட்டர், வைஃபை மூன்றும் அது ஒன்றேதான். வீட்டில் எல்லோரும் ரவுட்டர் என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அதிலிருந்து ஒரு லேன் கேபிள் ஜன்னல் வழியாக வெளியே போய், வெளிச்சுவரில் ஏறி, முதல் மாடி பால்கனிக் கைப்பிடிச் சுவரருகே ஒரு ஜாயின்ட் போட்டு, உள்ளே எட்டு போர்ட் ஸ்விட்சுக்கு வருகிறது. லைட் ஸ்விட்ச் இல்லை, ஒரு லேன் கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி; கேபிள் செருகும் ஓட்டைதான் போர்ட். ஸ்விட்சில் அக்காவின் கம்ப்யூட்டர், டிவி, கேமராப் படங்களைப் பதிந்துவைக்கும் டிவிஆர், அப்புறம் மொட்டைமாடி அறைக்குப் போகும் ஒரு கேபிள். அந்த அறையில் ஒரு பழைய ரவுட்டர் இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன் நானே வைத்துக் கொடுத்தது, அந்த அறைக்கு வைஃபை எட்டுவதற்காக. சென்னையிலிருந்து அண்ணன் குடும்பம் வந்தால் மட்டும்தான் அந்த அறை திறக்கும். ரவுட்டர் மட்டும் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும்.

பிரச்சினை இதுதான். செல்போனில் வைஃபை பெரும்பாலும் வருகிறது. கேபிளில் வருகிற கம்ப்யூட்டரும் டிவியும் அடிக்கடி செத்துப்போகின்றன. ஸ்விட்சை அணைத்துப் போட்டால் உயிர் வந்துவிடுகிறது. நெட் கம்பெனி ஆள் வந்து பார்த்தார். ரவுட்டரில் லேப்டாப்பைச் செருகி, வேகம் வருவதைக் காட்டி, "எங்க சைடு ஓகே சார், உங்க ஸ்விட்ச்தான் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த அறிகுறிகளைக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் அதைத்தான் சொல்வார்கள். ஆயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புது ஸ்விட்ச் வாங்கிப் போட்டார்கள். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் மறுபடியும் பழைய குருடி கதவைத் திறடிதான். இரண்டாவது முறை வந்தவர், "அப்ப ஒயர்தான்" என்றார்.

பெரியப்பா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். எதையும் நோட்டில் எழுதிவைப்பவர். தானே புயல் கரை கடந்த 2011 டிசம்பர் 30-க்குப் பிறகு எந்தத் தெருவுக்கு என்றைக்குக் கரண்ட் வந்தது என்பதுகூட அவரிடம் எழுத்தில் இருக்கிறது. நெட்டுக்கும் ஒரு நோட் போட்டிருந்தார். அதில் இப்படி இருந்தது:

"பிப்ரவரி 3. கரண்ட் 10.10 முதல் 10.50 வரை இல்லை. பிறகு நெட் இல்லை. ஸ்விட்ச் அணைத்துப் போட்டேன். மூன்றாம் முறை வந்தது.
பிப்ரவரி 9. காலை 6 மணி. கரண்ட் போய் வந்தது. டிவியில் நெட் இல்லை. முதல் முறையே வந்தது.
பிப்ரவரி 17. பராமரிப்பு மின்தடை, 9 முதல் 2 வரை. நெட் இல்லை. இரண்டாம் முறை."

இதைப் படித்தவுடனே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. கரண்ட் போய் வந்தால் கோளாறு என்றால் அடாப்டர்தான் என்று நேராக அங்கே போய் விழுந்தேன். பழைய ஸ்விட்சின் அடாப்டர் 9 வோல்ட், புதியது 5 வோல்ட். இரண்டின் பின்னும் ஒரே மாதிரி பொருந்தும். மாற்றிச் செருகிவிடுவது வீடுகளில் சர்வசாதாரணம். பார்த்தேன், சரியான அடாப்டர்தான். அடுத்து லூப் சந்தேகம். ஒரே கேபிளின் இரண்டு முனையையும் தெரியாமல் அதே ஸ்விட்சில் செருகிவிட்டால், உள்ளே நுழைந்த பிராட்காஸ்ட் (எல்லாக் கருவிக்கும் பொதுவாக அனுப்பும் செய்தி) வெளியேற வழியில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், வலையே முடங்கும். இந்த மாதிரி மலிவு ஸ்விட்சுகளில் அதைத் தடுக்கும் ஏற்பாடு பொதுவாக இருக்காது. ஆனால் லூப் என்றால் எல்லா விளக்கும் வெறிபிடித்தாற்போல ஒன்றாகச் சிமிட்டும். இங்கே விளக்குகள் சாவகாசமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தன. பிறகு கேபிள்களைப் போர்ட் மாற்றிச் செருகினேன். எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் வீண்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த பெரியம்மாதான் முடிச்சை அவிழ்த்தார். "ஸ்விட்ச் கெட்டுப்போச்சு, ஒயரு கெட்டுப்போச்சுங்கறீங்க. நான் காலையில பீச்சுலேருந்து வாசலைப் பாத்தேனே?"

டிவிஆரும் அதே ஸ்விட்சில்தான் இருக்கிறது. பீச்சிலிருந்து கேமரா தெரிகிறது என்றால் படம் டிவிஆரிலிருந்து ஸ்விட்ச் வழியாக, சுவரில் ஏறும் அந்தக் கேபிள் வழியாக, ரவுட்டர் வழியாக வெளியே போயிருக்கிறது. அதாவது ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது, கேபிளும் வேலை செய்கிறது. பக்கத்துப் போர்ட்டில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு மட்டும் நெட் இல்லை. ஆகவே கோளாறு ஸ்விட்ச் என்ற பெட்டியில் இல்லை, கம்ப்யூட்டருக்குக் கிடைத்திருக்கும் ஐபி முகவரியில், அதாவது நெட்வொர்க்கில் அதற்குக் கொடுத்திருக்கும் எண்ணில் இருக்கலாம்.

கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்தேன். உண்மையில் மாடி ஏறியதும் செய்திருக்க வேண்டிய முதல் வேலை இது. கம்ப்யூட்டரின் ஐபி 192.168.0.104, கேட்வே, அதாவது வெளியே போக அது கேட்கும் ரவுட்டரின் முகவரி, 192.168.0.1. கீழே ஹால் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 192.168.1.1 என்று இருக்கிறது. மூன்றாவது எண் ஒத்துப்போகவில்லை. முகவரியே கிடைக்காமல் போயிருந்தால் விண்டோஸ் தானாக 169.254 என்று தொடங்கும் ஒன்றை வைத்துக்கொள்ளும். அப்படியும் இல்லை. அப்படியென்றால் யாரோ இந்த 192.168.0.104-ஐக் கொடுத்திருக்கிறார்கள்.

பிரவுசரில் 192.168.0.1 என்று அடித்தேன். மொட்டைமாடி அறையின் பழைய ரவுட்டர், கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த கோலத்தில், "புதிய பாஸ்வேர்ட் உருவாக்குங்கள்" என்று வரவேற்றது.

சென்னைக்குப் போன் போட்டு அண்ணன் மகனிடம் கேட்டேன். எட்டாம் வகுப்புப் படிக்கிறான். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, "பொங்கலுக்கு வந்தப்ப வைஃபை பாஸ்வேர்ட் மறந்துபோச்சு சித்தப்பா. பின்னாடி ஒரு குட்டி ஓட்டை இருந்துச்சு, தாத்தாவோட ரீஃபிலை விட்டு அமுக்கினேன். அப்புறமும் நெட் வரல. மொபைல் டேட்டாவுலயே பாத்துக்கிட்டேன்" என்றான். பெரியம்மாவின் செல்போனில் ஒன்றரை மாதமாக ஒரு புது வைஃபை பெயர், கம்பெனி பெயரும் நாலு எண்ணுமாகத் தெரிந்துகொண்டிருந்ததாம். "பக்கத்து வீட்டுல புதுசா நெட் போட்டுருக்காங்க போலன்னு நெனச்சேன்" என்றார்.

நடந்தது என்ன என்பதைப் பெரியப்பாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. விளக்காமல் விடமாட்டார். வீட்டு நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி கொடுப்பது ரவுட்டருக்குள் இருக்கும் டிஹெச்சிபி என்கிற வசதி. கருவி எழுந்ததும் "எனக்கு யாராவது முகவரி கொடுங்கள்" என்று வலை முழுவதற்கும் கேட்கும் குரலில் கேட்கும். டிஹெச்சிபி பதில் சொல்லும். நாலு வருடத்துக்கு முன் அந்தப் பழைய ரவுட்டரில் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, கேபிளை லேன் போர்ட்டில் செருகி, வெறும் வைஃபை பெட்டியாக வைத்திருந்தேன். ரீசெட் அமுக்கியதும் அந்த ஏற்பாடு அழிந்து, டிஹெச்சிபி மறுபடி உயிர்பெற்றது. இப்போது ஒரே வலையில் முகவரி கொடுக்கிறவர்கள் இரண்டு பேர். பழையவர் கொடுக்கும் முகவரியை வாங்கிய கருவி, வெளியுலகத்துக்குப் போக அவரையே கேட்கும். அவருக்கோ வெளியுலகத் தொடர்பே கிடையாது. அந்தப் பையனுக்கு ரீசெட்டுக்குப் பிறகும் நெட் வராததற்குக் காரணமும் இதுதான்.

பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். "அதாவது ஒரே கிளாஸுக்கு ரெண்டு வாத்தியார் ரோல் நம்பர் போடுறாங்க. எந்த வாத்தியார் முதல்ல உள்ள வர்றாரோ, பசங்க அவர் குடுத்ததை எழுதிக்குறாங்க. அப்படித்தானே?" அப்படியேதான். நான் சொல்லியிருந்தால் இவ்வளவு சுருக்கமாக வந்திருக்காது.

இனி அந்த நோட்டில் இருப்பது எல்லாம் விளங்கும். கரண்ட் வந்ததும் ஸ்விட்ச் ஓரிரு விநாடியில் எழுந்துவிடும். பழைய ரவுட்டர் அரை நிமிடம், முக்கால் நிமிடத்தில் எழும். ஃபைபர் பெட்டி எழுந்து, லைன் பிடித்து, நிதானத்துக்கு வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். டிவியும் கம்ப்யூட்டரும் முகவரி கேட்கும்போது வகுப்பில் இருப்பது பழைய வாத்தியார் மட்டும்தான். ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் கேபிள் கருவிகள் செத்தது இதனால்தான். கீழே வைஃபையில் இருக்கும் செல்போன்கள் பெரும்பாலும் தப்பித்ததற்கும் காரணம் உண்டு. ஹால் ரவுட்டர் எழுந்தால்தான் அதன் வைஃபையே வரும், அதற்குள் அதன் டிஹெச்சிபியும் தயாராகிவிடும், பதிலும் பக்கத்திலிருந்தே வந்துவிடும். புது ஸ்விட்ச் ஒரு வாரம் ஒழுங்காக ஓடியதாகச் சொன்னார்களே, நோட்டைப் புரட்டினால் அந்த வாரம் மின்தடையே இல்லை.

எல்லோரையும் ஏமாற்றியது ஸ்விட்சை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது என்பதுதான். ஸ்விட்ச் அணையும்போது அதில் செருகியிருக்கும் எல்லாக் கருவிக்கும் கேபிள் பிடுங்கின மாதிரி இருக்கும். மறுபடி எரிந்ததும் அவை முகவரியைப் புதிதாகக் கேட்கும். இந்த நேரம் ஹால் ரவுட்டரும் விழித்திருக்கிறது. யார் பதில் முந்துகிறதோ அது. சில சமயம் முதல் முறையே நல்ல முகவரி, சில சமயம் மூன்றாவது முறை. ஹால் ரவுட்டரை மட்டும் அணைத்துப் போட்டாலோ ஒன்றும் ஆகாது. நடுவில் ஸ்விட்ச் எரிந்துகொண்டே இருப்பதால், கம்ப்யூட்டருக்குத் தன் கேபிளில் ஏதோ நடந்ததே தெரியாது, பழைய முகவரியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஆக, ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாவதில்லை, ஸ்விட்சை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. குற்றவாளி யார் என்று கேட்டால் வேறு யாரைச் சொல்வார்கள்? ஸ்விட்சுக்கு ஐபி முகவரி பற்றியெல்லாம் அக்கறையே கிடையாது. எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை கருவியிலேயே பதிந்திருக்கும் மேக் முகவரியை வைத்துக் கற்றுக்கொண்டு, வரும் தரவுப் பொட்டலத்தைத் தள்ளிவிடும், அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

டிவிஆர் மட்டும் தப்பித்தது எப்படி? கேமரா மாட்டியவர் அதற்கு 192.168.1.50 என்று கையால் முகவரி போட்டுவைத்திருந்தார். அது யாரையும் கேட்பதில்லை.

ஊகம் சரிதானா என்று பார்க்க, மாடி அறைக்குப் போகும் கேபிளை ஸ்விட்சிலிருந்து பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரில் முகவரியை விட்டு மறுபடி வாங்கினேன். 192.168.1.103 வந்தது, நெட்டும் வந்தது. கேபிளைத் திரும்பச் செருகி ஐந்து முறை இப்படியே செய்தேன். இரண்டு முறை பழைய ரவுட்டர் முந்திக்கொண்டது. போதும்.

சரிசெய்வது பத்து நிமிட வேலை. பழைய ரவுட்டரில் டிஹெச்சிபியை அணைத்தேன். அதன் சொந்த முகவரியை 192.168.1.2 ஆக்கினேன். வைஃபைக்குப் பெயரும் பாஸ்வேர்டும் வைத்தேன். கேபிள் லேன் போர்ட்டில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். ஹால் ரவுட்டரிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. அது 2-லிருந்து 254 வரை எல்லா எண்ணையும் வாரி வழங்கும்படி இருந்தது. டிவிஆரின் 50-ஐ என்றைக்காவது யாருடைய செல்போனுக்காவது கொடுத்திருந்தால் கேமராவும் தகராறு செய்திருக்கும். வழங்கும் எண்களை 100 முதல் 200 வரை என்று சுருக்கினேன்.

அப்புறம் சோதனை. பெரியப்பா மெயினை அணைத்தார், ஒரு நிமிடம் கழித்துப் போட்டார். நான் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால். வந்தது 169.254 முகவரி. கீழேயிருந்து "என்ன ஆச்சு?" என்று குரல். "இருங்க பெரியப்பா" என்றேன். இது எதிர்பார்த்ததுதான். இப்போது முகவரி கொடுக்க ஹால் ரவுட்டர் ஒன்றுதான், அது எழும் வரை கம்ப்யூட்டர் வெறும் கையோடு நிற்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை அது தானே மறுபடி கேட்கும். அடுத்த முறை கேட்டபோது 192.168.1.103 வந்துவிட்டது. மூன்று தடவை மெயினை அணைத்துப் போட்டோம், மூன்றிலும் இதே மாதிரி. அந்தச் சில நிமிடக் காத்திருப்பும் வேண்டாம் என்றால் ஹால் ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இத்தோடு கிளம்பியிருக்கலாம். அக்கா, "எதுக்கும் ஸ்பீடு பாத்துட்டுப் போயேன்" என்றார். பார்த்தால் 94. வீட்டின் பிளான் 200 எம்பிபிஎஸ். கீழே வைஃபையில் 190-க்கு மேல் வருகிறது. கேபிளில் 94 என்ற எண்ணைப் பார்த்தால் நெட்வொர்க்காரனுக்கு உடனே ஒன்று தோன்றும். இணைப்பு 1000-க்குப் பதில் 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது, தரவோடு சேர்ந்து போகும் முகவரி விவரங்களுக்கான செலவெல்லாம் போகக் கைக்கு வருவது 94 என்று.

லேன் கேபிளுக்குள் நாலு ஜோடி கம்பி. 100 வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை என்று இரண்டு ஜோடி போதும். 1000-க்கு நாலு ஜோடியும் வேண்டும். நீலமோ பழுப்போ ஒன்று அறுந்தால் நெட் நிற்காது, பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓட்டும். கேபிளை ஸ்விட்சின் முதல் போர்ட்டில் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன். விளக்கு உடனே எரியாமல் நாலைந்து விநாடி தயங்கிவிட்டு எரிந்தது. அந்தத் தயக்கம் 1000-க்கு முயன்று தோற்று இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம்.

பால்கனி ஜாயின்ட்டைப் போய்ப் பார்த்தேன். இரண்டு கேபிளின் ஆர்ஜே 45 முனைகள் (லேன் கேபிளின் பிளாஸ்டிக் செருகிகள்) சேரும் சின்ன பிளாஸ்டிக் கப்ளர். யாரோ அதன் மேல் பாலிதீன் பை சுற்றி ரப்பர்பேண்ட் போட்டிருந்தார்கள். மழை போகாமல் இருக்கத்தான். ஆனால் உள்ளே போன ஈரம் வெளியே வரவும் வழியில்லை. கடல் கூப்பிடு தூரம், ஜன்னல் கம்பியையே உப்புக் காற்று தின்கிற இடம். பையைப் பிரித்து முனையை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டுத் தகட்டில் நடுவில் இருக்கும் இரண்டின் மேல் பச்சையாகப் பூத்திருந்தது, பூஜை அறைச் செம்பைத் தேய்க்காமல் விட்டால் படியுமே, அதே களிம்பு. நாலாவதும் ஐந்தாவதும், நீல ஜோடி. டெஸ்டரை மாட்டினால் ஒன்று, இரண்டு, மூன்று என்று விளக்கு ஓடி, நாலிலும் ஐந்திலும் இருட்டாகி, ஆறில் மறுபடி எரிந்தது.

மறுபடி கிரிம்ப் அடிக்க, அதாவது புதுச் செருகியை அழுத்திப் பொருத்த, முனையை வெட்டியபோது இன்னொன்று தெரிந்தது. கம்பியைக் கத்தி நுனியால் சுரண்டினால் செம்பு நிறத்துக்குக் கீழே வெள்ளி நிறம். செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம். மலிவாகக் கிடைக்கிறதென்று இதைப் பலர் வாங்கிவிடுகிறார்கள். இரண்டு தரம் மடக்கினால் ஒடியும், உப்புக் காற்று வேறு பட்டால் கேட்கவே வேண்டாம். பழைய கேபிளோடு மல்லுக்கட்டாமல் மஞ்சக்குப்பத்துக்குப் போய், முழுச் செம்புக் கேபிள் இருபது மீட்டர் வாங்கி வந்தேன். வெளியில் போடுகிற கறுப்பு உறை ரகம். நடுவில் ஜாயின்ட் இல்லாமல் ஹாலிலிருந்து ஸ்விட்ச் வரை ஒரே ஓட்டமாக இழுத்தோம். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. பெரியப்பா டார்ச் அடித்துக்கொண்டே வரிசையை உரக்கப் படித்துச் சரிபார்த்தார். ஜன்னலுக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றியிருக்கிறேன், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

அக்காவின் கம்ப்யூட்டரில் 196 வந்தது. டிவியில் 94-தான். அந்த டிவியின் லேன் போர்ட்டே 100-க்கு மேல் போகாது, படம் பார்க்க அதுவே தாராளம்.

பரணில் கிடந்த பழைய ஸ்விட்சையும் இறக்கி மாட்டிப் பார்த்தோம். எந்தக் குறையும் இல்லை. "அப்ப புதுசு வாங்குனது தண்டமா?" என்று பெரியப்பா கேட்டார். பழையதைத் திருப்பிப் பார்த்தேன். அது 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச், புதியது 1000. பழையதே இருந்திருந்தால் எவ்வளவு நல்ல கேபிள் இழுத்தாலும் 94-ஐத் தாண்டியிருக்காது. அதைச் சொன்னதும் நோட்டை எடுத்து, ஸ்விட்ச் வாங்கிய தேதிக்கு எதிரே முன்பு எழுதியிருந்த "வீண் செலவு" என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். பேரன் பெயரை எங்கேயும் எழுதவில்லை.